உருண்டை அடி

2016-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு பெண்மணி போன் செய்தார். முந்தின வாரம் என்னிடம் வாங்கிப் போன சட்டியில் மீன்குழம்பு கூட்டி வைத்திருக்கிறார். புளிக்கரைசல் கொதி வருகிற நேரத்தில் டப்பென்று ஒரு சத்தம், அடுப்பு முழுக்கக் குழம்பு. "மண்சட்டின்னு சொல்லித்தானே குடுத்தீங்க?" என்று கேட்டார். சண்டை போடுகிற குரல் இல்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டார்.

பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன், மன்னிப்பும் கேட்டேன். அந்தக் கேள்விதான் போகவில்லை. மண்ணில்தானே செய்தேன்? கும்பகோணம் பக்கம் அப்பாயி வீட்டுப் பரணில் கிடந்த பழைய குழம்புச் சட்டியை எடுத்து வந்து எதிரே வைத்துக்கொண்டு, அந்த வாய் அகலம், கழுத்து வளைவு, விளிம்பு வெளியே மடிந்து நிற்கிற விதம் எல்லாவற்றையும் அளந்து அளந்து செய்த சட்டி அது. கிராமத்து மண்பாண்டங்களைப் பார்த்துத்தான் நான் செய்கிறேன் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த காலம். ஒரே ஒரு இடத்தில்தான் மாற்றினேன். அப்பாயியின் சட்டிக்கு அடி உருண்டை, மேஜையில் வைத்தால் ஆடும். நான் அதைத் தட்டையாக்கினேன்.

என் சூளை 1280 டிகிரி வரை போகும். அந்தச் சூட்டில் மண் இறுகிக் கிட்டத்தட்டக் கல்லாகிவிடும், தண்ணீர் புகாது, அதனால்தான் ஸ்டோன்வேர் என்று பெயர். காபி குடிக்கிற கோப்பைக்கு அது நல்லது, அடுப்புத் தீக்கு ஆகாது. தீ படுகிற இடம் சட்டென்று விரியும், படாத இடம் விரியாது, இறுகிப்போன மண்ணுக்கு விட்டுக்கொடுக்க இடம் இல்லை, பிளந்துவிடும். பிளவு பெரும்பாலும் தட்டை அடியும் சுவரும் சேர்கிற மூலையில்தான் தொடங்கும். கிராமத்துச் சட்டி வேகிற சூடு இதில் பாதிக்குச் சற்று மேலே, 700, 800 டிகிரி. அந்த மண்ணுக்குள் மணல் இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கின்றன, சூடு ஏறும்போது அந்த இடைவெளிகள் தாங்கிக்கொள்ளும். மூலையே இல்லாத உருண்டை அடி தீயை எல்லாப் பக்கமும் ஒரேபோல வாங்கிக்கொள்ளும். இதெல்லாம் எனக்குத் தெரிந்த விஷயம்தான், யாராவது கேட்டிருந்தால் கடகடவென்று சொல்லியிருப்பேன். ஆனாலும் அப்பாயியின் சட்டியை எதிரே வைத்துக்கொண்டு செய்தபோது விளிம்பைப் பார்த்தேன், கழுத்தைப் பார்த்தேன், புகை ஏறிய அந்தக் கறுப்பைப் பார்த்தேன், அடியைப் பார்க்கவே இல்லை.

நான் இந்த வேலையைக் கற்றது புதுச்சேரியில். நம் பக்கத்தில் ஸ்டூடியோ வைத்துப் பாத்திரம் செய்கிறவர்களில் பலருடைய கதையும் எங்கெங்கோ சுற்றி அங்கே வந்துதான் சேரும். 1971-ல் டெபோரா ஸ்மித், ரே மீக்கர் என்ற இரண்டு அமெரிக்கர்கள் அங்கே கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கினார்கள். அவர்களிடம் கற்றவர்கள், அந்தக் கற்றவர்களிடம் கற்றவர்கள் என்று கிளை கிளையாகப் பிரிந்து இன்று புதுச்சேரியிலும் ஆரோவில்லிலும் நிறையப் பட்டறைகள். அப்படி ஒரு சின்னப் பட்டறையில் 2009-ல் சேர்ந்தேன். டெபோரா ஸ்மித் ஜப்பானில் பயின்று வந்தவர். அந்தச் சாயல் எங்கள் தலைமுறை வரைக்கும் ஒட்டிக்கொண்டிருந்தது, கோப்பையைக் கையில் எடுத்தால் முதலில் கவிழ்த்து அடி வளையத்தைப் பார்க்கிற பழக்கம்கூட அங்கிருந்து வந்ததுதான். ஜப்பான் கிண்ணத்தின் அடியை இவ்வளவு கவனமாகப் பார்த்த நான் வில்லியனூர்ப் பக்கம் போய் ஒரு பானையைக் கவிழ்த்துப் பார்த்ததில்லை. பட்டறையிலிருந்து 10 கிலோமீட்டர்கூட இருக்காது.

ஜப்பானிய மண்பாண்டக் கலைஞர் ஹமடா ஷோஜியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் கிராமத்துக்குப் போக வேண்டும் என்ற எண்ணமே அவரை நினைத்துத்தான் வந்தது. 1894-ல் பிறந்தவர், தோக்கியோவில் தொழில்நுட்பக் கல்லூரியில் செராமிக் படித்தவர், பிறகு கியோத்தோவில் ஓர் ஆய்வுக்கூடத்தில் கிளேஸ், அதாவது பாத்திரத்தின் மேல் பூசுகிற கண்ணாடிப் பூச்சு, அந்தச் சோதனைகளாகச் செய்து தள்ளியவர். 1920-ல் பெர்னார்ட் லீச் என்ற ஆங்கிலேய மண்பாண்டக் கலைஞருடன் இங்கிலாந்துக்குப் போய், கார்ன்வாலில் செயின்ட் ஐவ்ஸ் என்ற கடலோர ஊரில் பட்டறை போட உதவி செய்தார். அங்கே நகரத்தை விட்டுக் கிராமத்தில் வாழ்ந்துகொண்டே நெய்கிற, வனைகிற மனிதர்களைப் பார்த்துவிட்டுத்தான் ஊர் திரும்பினார். திரும்பியவர் தோக்கியோவிலோ கியோத்தோவிலோ உட்காரவில்லை. தோக்கியோவுக்கு வடக்கே ஏறக்குறைய 100 கிலோமீட்டரில் மஷிக்கோ என்று ஒரு ஊர், 19-ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து தண்ணீர்த் தொட்டியும் ஊறுகாய் ஜாடியும் அடுக்களைச் சட்டியும் செய்து தலைநகரத்துச் சமையலறைகளுக்கு அனுப்பிக்கொண்டிருந்த ஊர், அங்கே போய்க் குடியிருந்தார். பழைய ஓலைக்கூரை வீடுகளை வாங்கிப் பிரித்துக் கொண்டுவந்து தன் இடத்தில் நிறுத்தினார்.

எனக்கு இதில் பிடித்தது அவர் அங்கே போய் என்ன செய்தார் என்பதுதான். மஷிக்கோ மண் அப்படியொன்றும் உயர்ந்த மண் கிடையாது, கொரகொரப்பானது. ஆயிரம் சோதனை செய்து பழகிய மனிதர் அந்த மண்ணையே எடுத்துக்கொண்டார். ஊர்க்காரர்கள் உள்ளூர்க் கல்லைப் பொடித்துப் பூசுகிற பழுப்புச் சிவப்பு கிளேஸ் ஒன்று உண்டு, சீமைப் பனிச்சைப் பழத்தின் நிறம், ஜப்பானிய மொழியில் அந்தப் பழத்துக்குள்ள 'காக்கி' என்ற பெயர்தான் அதற்கும், அதை எடுத்துக்கொண்டார். நெல் உமிச் சாம்பலில் செய்கிற பால்வெள்ளை கிளேஸையும் எடுத்துக்கொண்டார். ஒக்கினாவாத் தீவில் தங்கியிருந்தபோது பார்த்த கரும்பை நாலைந்து தூரிகை இழுப்பில் வரைவார், பிறகு பல பத்தாண்டுகள் அதே கரும்புதான். பாத்திரத்தின் அடியில் தன் முத்திரையைப் போடுவதையும் விட்டுவிட்டார். 1955-ல் ஜப்பான் அரசு அவரை வாழும் தேசியச் செல்வங்களில் ஒருவராக அறிவித்தது, 1978-ல் மறைந்தார். கற்றதைக் கீழே வைத்துவிட்டு, ஒரு ஊரின் மண் எதற்கு இடம் கொடுக்கிறதோ அதை மட்டும் செய்வது என்று உட்கார எவ்வளவு பொறுமை வேண்டும் என்று நினைத்து நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

சரி, அந்த மீன்குழம்புக்கு அடுத்த மாதமே வில்லியனூரைத் தாண்டி ஒரு கிராமத்துக்குப் போனேன். தெரிந்தவர் ஒருவர் கூட்டிப்போனார். வீட்டின் முன்னால் கீற்றுக் கொட்டகை, அதில் சக்கரம், சக்கரத்தில் ஒரு தாத்தா. எழுபது வயதுக்கு மேல் இருக்கும். கரகரவென்று சுற்றுகிற மண்ணைப் பார்த்துக்கொண்டே நின்றேன். மோட்டார் வைத்த சக்கரம்தான், அரசாங்கத் திட்டத்தில் வந்தது என்றார். ஒரு பெரிய மண்குவியலை நடுவில் வைத்து, மேலே இருந்து ஒவ்வொரு பானையாக எடுத்து, நூலால் அறுத்துத் தரையில் வைத்துக்கொண்டே போனார். நான் ஒரு கிண்ணம் இழுக்கிற நேரத்தில் அவர் நாலு எடுத்துவிடுவார். வேகத்தைப் பார்த்து வியந்து நின்றதில் ஒரு விஷயத்தை அன்றைக்குக் கவனிக்கவில்லை. அறுத்து வைத்த பானைகளுக்கு அடியே இல்லை. வாயும் கழுத்தும் தோளும் வயிறும் இருந்தன, கீழே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஓட்டை.

இரண்டாம் முறை போனபோதுதான் கேட்டேன். தாத்தா நிமிராமலே, "அது ஆயா வேலை" என்றார்.

ஆயா கொட்டகையின் பின்பக்கம் உட்கார்ந்திருந்தார். இடது கையில் ஒரு உருண்டைக் கல், மாங்காய் அளவு, எத்தனை வருடப் பழக்கமோ வழவழவென்று இருந்தது. வலது கையில் மரப்பலகை, கைப்பிடி வைத்தது. பக்கத்தில் ஒரு ஓட்டாஞ்சில்லில் சலித்த சாம்பல். பாதி காய்ந்த பானையை மடியில் கவிழ்த்து, கல்லை உள்ளே விட்டு, வெளியே பலகையால் தட்ட ஆரம்பித்தார். கல் எங்கே இருக்கிறதோ அங்கேதான் பலகை விழுகிறது. உள்ளே இருக்கிற கை கண்ணுக்குத் தெரியாது, ஆனாலும் இரண்டு கையும் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டிருப்பதுபோலத் தப்பாமல் சந்திக்கின்றன. தட்டத் தட்ட வயிற்றுப் பக்கத்து மண் மெலிந்து கீழே இறங்குகிறது. ஓட்டையின் ஓரம் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே கூடுகிறது, சுருக்குப்பையின் வாயை இழுத்தால் கூடுமே அப்படி. கை உள்ளே போகிற அளவு, நாலு விரல் அளவு, ஒரு விரல் அளவு. அதற்குள் கல்லை வாய் வழியாக உள்ளே விட்டிருந்தார், எப்போது மாற்றினார் என்று நான் பார்க்கவில்லை. கடைசியில் ஒரு பொட்டு மண்ணை வைத்து நாலு தட்டு. ஓட்டை இருந்த இடம் எது என்று தேடினேன், கண்டுபிடிக்க முடியவில்லை.

சத்தம் மாறுவதைக் கேட்கச் சொன்னார். முதலில் தொப் தொப் என்று கனமாக விழும். சுவர் மெலிய மெலிய அது டப் என்று ஆகி, முடிகிற நேரத்தில் ஒரு சின்ன ரீங்காரம் வரும். கடம் செய்கிற மானாமதுரையில் இந்தக் காது இன்னும் எவ்வளவு தூரம் போகும் என்று பிறகு யோசித்திருக்கிறேன். அங்கேயும் தட்டுவதில்தான் சுருதியே இருக்கிறது. மீனாட்சி கேசவன் என்ற அம்மையார் பல்லாண்டுகள் கடம் தட்டித் தட்டியே சங்கீத நாடக அகாதமி விருது பெற்றார், பாடவும் இல்லை, மேடையில் வாசிக்கவும் இல்லை, பானையைத் தட்டிச் செய்ததற்காக.

நான் முதலில் தட்டிய பானை ஓட்டையைச் சுற்றி நட்சத்திரம்போல வெடித்தது. ஆயா எடுத்துப் பார்த்துவிட்டு, "ஈரம் போயிடுச்சி கண்ணு, இனிமே இது பேச்சு கேக்காது" என்று உடைத்து மண்தொட்டியில் போட்டார். இரண்டாவது, ஈரம் அதிகம், பலகையோடு ஒட்டிக்கொண்டு வந்தது. சாம்பலைத் தொட்டுத் தொட்டுத் தட்டணும் என்று காட்டினார். அந்த வாரம் முழுக்க மணிக்கட்டு வீங்கிக் கிடந்தது. அதைப் பார்த்துவிட்டுச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "கை வலிக்குதுன்னா நீ அடிக்கறேன்னு அர்த்தம். தட்டு, அடிக்காத."

போகப் போக ஒன்று தெரிந்தது. நான் ஸ்டூடியோவில் பாத்திரத்தை அடியிலிருந்து தொடங்குகிறேன்: மண்ணைச் சக்கரத்தில் அழுத்தி, நடுவைத் திறந்து, முதலில் தளம் போட்டு, பிறகு சுவர் எழுப்புகிறேன். வீடு கட்டுவதுபோல. அவர்கள் அடியைக் கடைசியில் செய்கிறார்கள், அதையும் வேறொருவர் செய்கிறார். தாத்தாவின் கை தொட்ட பானை தண்ணீர் பிடிக்காது. ஆயா தட்டிய பிறகுதான் அது பாத்திரம்.

அந்த வீட்டில் பெண்கள் சக்கரத்தில் உட்காருவதில்லை. இந்தியாவில் பல ஊர்களில் அப்படித்தான், தொடவே கூடாது என்கிற இடங்களும் உண்டு. இதை நான் அழகுபடுத்திச் சொல்ல மாட்டேன், அது தப்பு. "எனக்கு ஆசயா இருந்திச்சி, சின்ன வயசுல. எங்க மாமியா விடல" என்று ஆயாவே ஒருமுறை சொன்னார். நான் சக்கரத்தில் உட்கார்ந்து சம்பாதிக்கிறவள் என்று தெரிந்ததும் என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

ஹமடாவின் நண்பர் யனகி முனேயோஷி கிராமத்துப் பாண்டங்களின் அழகைப் பற்றி நிறைய எழுதினார். 1925-ல் அவர்கள் சேர்ந்துதான் 'மிங்கேய்' என்ற சொல்லையே உண்டாக்கினார்கள், மக்கள் கைவினை என்று பொருள். 1936-ல் தோக்கியோவில் அதற்கென்று ஒரு காட்சியகமும் திறந்தார்கள். பெயர் தெரியாத கைவினைஞர் தன்னை மறந்து செய்வதால்தான் அந்தப் பாத்திரங்கள் அழகாக இருக்கின்றன என்பது யனகியின் வாதம். அதைப் படித்த காலத்தில் மெய்சிலிர்த்துப் போயிருக்கிறேன். ஆயா பக்கத்தில் உட்கார்ந்த பிறகு அந்த வாதத்தில் எனக்குப் பாதிதான் சம்மதம். பெயர் தெரியவில்லை என்றால் யாரும் போய்க் கேட்கவில்லை என்றுதான் பெரும்பாலும் பொருள். மஷிக்கோவிலேயே மினகாவா மாசு என்று ஒரு பெண்மணி இருந்தார். தேநீர்க் கெண்டியின் வயிற்றில் மலையும் நீரும் சேர்ந்த ஒரு சின்னக் காட்சி வரைவது அவர் வேலை, ஒரே படம், ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில், வாழ்நாள் முழுக்க. அவரைப் போய்ப் பார்த்து எழுதியதால் இன்று அவர் பெயர் நமக்குத் தெரிகிறது. ஆயாவிடம் நானும் கேட்டேன், பெயர் போட்டு எழுதட்டுமா என்று. வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அதனால்தான் இங்கே ஆயா என்றே எழுதுகிறேன்.

சூளை வைக்கிற நாளுக்கும் போயிருந்தேன். செங்கல் சூளை, கதவு, அளவுமானி எதுவும் இல்லை. வறட்டி, சுள்ளி, தேங்காய் மட்டை பரப்பி, மேலே பானைகளை அடுக்கி, இடுக்கெல்லாம் வைக்கோல் செருகி, அதற்கு மேல் கனமாக வைக்கோல் மூடி, சேற்றைக் குழைத்து மெழுகிவிடுகிறார்கள். அங்கங்கே புகை போக ஓட்டை. பொழுது சாய்கிற நேரத்தில் தீ வைத்தால் ராத்திரி முழுக்கக் கனிந்து, காலையில் சாம்பலை விலக்கினால் பானை. தாத்தா புகையின் நிறத்தைப் பார்த்து எந்தப் பக்கம் ஓட்டையை அடைக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். சுட்டது என்று அவர்கள் சொல்வதில்லை, வெந்தது என்பார்கள், சோற்றைச் சொல்வதுபோல.

இந்த நாட்களில்தான் லாடி குவாலியைப் பற்றி மறுபடி யோசித்தேன். நைஜீரியாவில் குவாலி என்ற கிராமத்தில் 1925 வாக்கில் பிறந்தவர், தன் இனத்துப் பெண்களைப் போலவே சக்கரம் இல்லாமல், மண்ணைத் திரிதிரியாக அடுக்கிப் பானையைச் சுற்றி நடந்தே வனைந்தவர். பல்லியும் தேளும் மீனும் கீறிய அவருடைய குடங்களை அபுஜாவின் எமிர், அதாவது அந்தப் பகுதி அரசர், அவருடைய அரண்மனையில் மைக்கேல் கார்டியூ பார்த்தார். கார்டியூ இங்கிலாந்துக்காரர், லீச்சின் மாணவர், அழிந்துகொண்டிருந்த இங்கிலாந்து நாட்டுப்புறப் பாத்திரங்களின் மேல் பித்தாக இருந்து அதைத் திரும்ப உயிர்ப்பித்தவர், பிறகு ஆப்பிரிக்காவுக்குப் போய் அபுஜாவில் ஒரு மண்பாண்டப் பயிற்சி மையம் நடத்தினார். 1954-ல் லாடி குவாலி அந்த மையத்தில் சேர்ந்தார், அங்கே சேர்ந்த முதல் பெண். அதே குடத்தை அதே மாதிரி கையால் வனைந்து, மேலே கிளேஸ் பூசி, ஸ்டோன்வேர் சூட்டில் வேகவைத்தார்கள். இங்கிலாந்திலும் 1972-ல் அமெரிக்காவிலும் மக்கள் கூடி நின்று அவர் வனைவதைப் பார்த்தார்கள். நைஜீரியாவின் 20 நைரா நோட்டில் இன்றும் அவர் படம் இருக்கிறது.

அந்தக் குடங்கள் அழகு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் கிளேஸ் பூசிய குடம் வியர்க்காது. வியர்க்காத குடத்தில் தண்ணீர் குளிராது. அவருடைய ஊரில் அந்த வடிவம் வந்ததே தண்ணீருக்காக, தூக்குவதற்கும் குளிர வைப்பதற்கும். கிளேஸ் பூசியதும் அது கண்ணாடிப் பெட்டிக்குள் போய்விட்டது. அவர் வாழ்க்கைக்கு அது மரியாதை சேர்த்தது, சரிதான். குடத்துக்கு என்ன ஆயிற்று என்பது வேறு கணக்கு. என் மீன்குழம்புச் சட்டிக்கும் அதுதான் நடந்தது, அந்த உயரத்தில் இல்லை என்றாலும்.

உருண்டை அடி எதனால் வந்தது என்று யோசித்தால் ஒரு வீடே எழுந்து வரும். மூன்று கல் வைத்த அடுப்பில் உருண்டை அடி மூன்று பக்கமும் தாங்கி நிற்கும். இடுப்பில் வைத்தால் உருண்டைதான் ஒட்டும், தலைச்சுமைக்குச் சும்மாடு இருக்கிறது. உறியில் தொங்குகிற கலயத்துக்குத் தட்டை அடி எதற்கு? மண் தரையில் வைக்க வேண்டுமானால் வைக்கோல் புரியைச் சுற்றிக் கட்டிய புரிமணை, ஆயா அதைப் பிரிமணை என்பார். அடியில் கரி பிடித்தால் தேங்காய் நார் போட்டுத் தேய்க்கையில் கைக்கு அகப்படாத மூலை ஒன்றும் இல்லை. இதெல்லாம் போய் கேஸ் அடுப்பும் மேஜையும் கிரானைட் மேடையும் வந்த பிறகு உருண்டை அடியை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்குவது என்ன நியாயம் என்று எனக்கே குழம்பியது.

அந்தக் குழப்பத்தை ஆயாவிடம் சொன்னபோது அவருக்குக் குழப்பமே இல்லை. "இப்பல்லாம் தட்டயாத்தான் கேக்கறாங்க" என்று எழுந்து போய் ஒரு சட்டியை எடுத்து வந்தார். ஓட்டையை உருண்டையாகத்தான் மூடுகிறார், பிறகு ஈரம் சற்று இருக்கும்போதே சமமான பலகையில் வைத்து உள்ளேயிருந்து நடுவைத் தட்டி இறக்கிவிடுகிறார். கேஸ் அடுப்பில் ஆடாமல் நிற்கும். கவிழ்த்துப் பார்த்தேன். நடு மட்டும்தான் தட்டை, அடிக்கும் சுவருக்கும் நடுவில் மூலை இல்லை, வளைவு அப்படியே இருந்தது. விரலை ஓட்டினால் எங்கே அடி முடிகிறது எங்கே சுவர் ஆரம்பிக்கிறது என்று சொல்ல முடியாது. நான் கேஸ் அடுப்புக்காக ஒரு தட்டை அடி செய்தேன், அவரும் செய்தார். அவருடையது வெடிக்கவில்லை. மரபு என்று நான் தேடிப் போனது உருண்டையிலும் இல்லை தட்டையிலும் இல்லை, அந்தக் கல்லைப் பிடித்த இடது கையில் இருந்தது.

அன்றைக்கே முடிவு செய்தேன், சமையல் சட்டி இனி நான் செய்வதில்லை. ஆயா வீட்டுச் சட்டிகள் என் கடையில் இருக்கின்றன. முதலில் வியாபாரிக்கு அவர்கள் 80 ரூபாய்க்குக் கொடுத்துக்கொண்டிருந்த சட்டிக்கு இப்போது என் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைக்கிற விலை வைக்கிறேன், அது முழுக்க அவர்களுக்கே போகிறது. கேட்கிறவர்களுக்குப் பழக்குகிற முறையையும் எழுதிக் கொடுக்கிறேன்: ஒரு நாள் தண்ணீரில் ஊறட்டும், பிறகு அரிசி களைந்த தண்ணீரைக் கொதிக்க வையுங்கள், முதல் வாரம் சின்னத் தீ.

குதிரை செய்வதையும் விட்டேன். 2013-லிருந்து சின்னச் சின்ன அய்யனார் குதிரைகள் செய்து விற்றுக்கொண்டிருந்தேன், நன்றாகப் போகும். சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கம் அய்யனாருக்கு மண்குதிரை கொண்டுபோய் வைக்கிற புரவி எடுப்புக்கு முன்னால் ஊரார் கோயில் மண்ணில் ஒரு பிடி அள்ளி, குதிரை செய்கிற குயவரான வேளாரிடம் கொடுப்பார்கள். பிடிமண் கொடுப்பது என்று பெயர். அது கைக்கு வந்த பிறகுதான் குதிரைக்கு மண் குழைப்பார்கள். பல கோயில்களில் அந்த வேளாரே பூசாரி. எனக்கு யாரும் பிடிமண் கொடுக்கவில்லை. வீட்டு அலமாரிக்கு ஒரு மண்குதிரை செய்வதில் என்ன தப்பு என்று நண்பர்கள் கேட்கிறார்கள். தப்பு என்று யாருக்கும் நான் சொல்லப்போவதில்லை. என் கை அதற்குப் பிறகு அந்த வேலையில் போகவில்லை, அவ்வளவுதான்.

இப்போது செய்வது கிண்ணங்கள், மேஜைக்கானவை. சக்கரத்தில் அடியில்லாமல் எடுத்து, மறுநாள் மடியில் வைத்துத் தட்டி மூடுகிறேன். ஸ்டோன்வேர் மண்ணுக்கு இது பழக்கமில்லாத வேலை, பத்துக்கு மூன்று இன்னும் வெடிக்கிறது. கிளேஸுக்குத் திருக்கனூர்ப் பக்கம் ஒரு அரிசி ஆலையில் உமிச் சாம்பல் வாங்கி வருகிறேன், அதில் பெரும்பகுதி சிலிக்காதான். அதோடு சவுக்குச் சாம்பலும் ஃபெல்ஸ்பார் என்ற கல்லின் பொடியும் சேர்த்தால் 1280-ல் ஹமடாவின் பாத்திரங்களில் இருக்கிற அந்தப் பால்வெள்ளைக்குப் பக்கத்தில் வருகிறது, கெட்டியாக விழுந்த இடத்தில் சற்று நீலம் தட்டும். வடித்த கஞ்சி மாதிரி இருக்கிறது என்றாள் என் மகள். கிண்ணம் ஆடாமல் நிற்க வைக்கோலில் சின்னப் பிரிமணை. அது சுற்றக் கற்றுக்கொடுத்ததும் ஆயாதான், புரியை எச்சில் தொட்டு இறுக்குகிற இடத்தில் எனக்கு இன்னும் நழுவும்.

போன தைக்கு ஒரு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போனேன். ஆயா அதைக் கவிழ்த்து அடியைத்தான் முதலில் பார்த்தார். கட்டைவிரலால் நடுவை அழுத்தித் தடவி, மூடிய இடத்தைக் கண்டுபிடித்துவிட்டார். "இங்க தானே?" என்றார். பிறகு நகத்தால் சுண்டிக் காதில் வைத்துக் கேட்டார். "நல்லா வெந்துக்குது. இதுல தண்ணி வெச்சா ஜில்லுன்னு ஆவுமா?"

"ஆவாது ஆயா. இது வேர்க்காது."

"அடுப்புல?"

"வெடிச்சிடும்."

கொஞ்ச நேரம் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தார். உள்ளே எச்சில் தொட்டு வைத்துப் பார்த்தார், மண் உறிஞ்சவில்லை. "அப்ப உப்புக்கு ஆவும்" என்றார். "எங்க சட்டி உப்பு தாங்காது, ரெண்டு வருசத்துல பூத்துப் பொரிஞ்சி கொட்டிடும். பிளாஸ்டிக் டப்பாலதான் போட்டு வெச்சிக்கறேன்."

எழுந்து உள்ளே போய் டப்பாவிலிருந்த கல்லுப்பை அதில் கொட்டி, அடுப்புக்குப் பக்கத்து மாடத்தில் பிரிமணையோடு வைத்தார். கை ஈரத்தைப் புடவையில் துடைத்துக்கொண்டே, இதேபோல இன்னொன்று, கொஞ்சம் பெரிசாக, புளிக்கு வேண்டும் என்றார்.